பாரிடை ஐந்து, வெளியிடை ஒன்று

திங்கள், காஞ்சிபுரம்

போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் ஐம்பூதங்களை ஒரு வரிசையில் வைத்து இறைவனைப் போற்றுகிறார்: “பாரிடை ஐந்தாய்ப் பரந்தாய் போற்றி, நீரிடை நான்காய் நிகழ்ந்தாய் போற்றி, தீயிடை மூன்றாய்த் திகழ்ந்தாய் போற்றி, வளியிடை இரண்டாய் மகிழ்ந்தாய் போற்றி, வெளியிடை ஒன்றாய் விளைந்தாய் போற்றி.” மண்ணுக்குச் சுவை, ஒளி, ஊறு (தொடுவுணர்வு), ஓசை, நாற்றம் (மணம்) என்னும் ஐந்து குணங்களும் உண்டு. நீரில் நாற்றம் கழிகிறது; தீயில் சுவையும் கழிகிறது; காற்றில் ஊறும் ஓசையும் மட்டுமே எஞ்சுகின்றன; வெளிக்கு ஓசை ஒன்றே குணம். பஞ்சபூதத் தலங்கள் ஐந்தையும் இந்த வரிசையிலேயே தரிசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். காஞ்சி, திருவானைக்கா, திருவண்ணாமலை, காளத்தி, சிதம்பரம் என்று போவது தெற்கும் வடக்குமாக அலைய வைக்கும் வழிதான். இருந்தாலும் குணங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே போகும் இந்த வரிசையில், பருப்பொருளுக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைப் பற்றி நம் முன்னோர் என்ன நினைத்தார்கள் என்பது தலத்துக்குத் தலம் புலப்படும் என்று நம்பிப் புறப்பட்டிருக்கிறேன். இந்த உலகம் அவன் ஆக்கிய பொருளா, அவனுடைய உடம்பா, அவனை மறைக்கும் திரையா, வெறும் தோற்றமா என்ற கேள்விக்கு விடை தேடியே இத்தனை தரிசனங்களும் எழுந்தன.

ஏகாம்பரநாதர் மணலால் ஆனவர். கம்பை ஆற்றங்கரையில் ஒரு மாமரத்தடியில் அம்மை மணலைக் குவித்து இலிங்கமாக்கிப் பூசித்தாள். ஆற்றில் வெள்ளம் பெருகி வந்தது. இலிங்கம் கரைந்துவிடுமோ என்று அஞ்சி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். இறைவன் அந்த அணைப்பில் குழைந்தான். அவள் வளையின் தழும்பும் முலையின் தழும்பும் திருமேனியில் பதிந்தன என்பது தலபுராணம். தழுவக் குழைந்த நாதர் என்ற திருப்பெயர் அதனால் வந்தது. மணல் திருமேனிக்கு நீர் ஆகாது என்பதால் இன்றும் அபிடேகம் இலிங்கத்தின் பீடமான ஆவுடையாருக்குத்தான் நடைபெறுகிறது. மேலே இலிங்கத்துக்குப் புனுகு சாத்துகிறார்கள்.

மெய்ப்பொருள் நூல்கள் இறைவனை விகாரம் இல்லாதவன் என்கின்றன. மாற்றம் உள்ள எதுவும் அழியும். ஆகவே அவன் மாறாதவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவற்றின் வாதம். காஞ்சியின் கதையோ அவன் மேனியில் தழும்பு உண்டு என்கிறது. சைவ சித்தாந்தம் இதற்கு முறையான ஒரு விடை வைத்திருக்கிறது. உயிர்களின் உடம்பு, உலகுக்கு மூலப்பொருளான மாயையிலிருந்து வருகிறது. இறைவன் கொள்ளும் வடிவமோ அவனுடைய அருளே வடிவானது. ஆகவே வடிவத்தில் தோன்றும் மாற்றம் அவனைச் சாராது. தருக்கத்துக்கு இது போதும். ஆனால் கருவறை முன் நின்றபோது, அந்த விடை கதையின் முழுப் பொருளையும் எடுத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குப் பட்டது. நீர் பட்டால் கரையக்கூடிய ஒன்றில் எழுந்தருளியவன், அன்பு பட்டால் குழையவும் ஒப்புக்கொண்டிருக்கிறான். மண்ணின் பலவீனத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்ட இந்தச் செயலைத்தான் ஊர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றி வருகிறது.

கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய இராஜகோபுரத்தையும், பிராகாரத்துக்குள்ளேயே இருக்கும் நிலாத்திங்கள் துண்டத்தான் சந்நிதியையும் வணங்கிவிட்டு மாமரத்தடியில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். திருவொற்றியூரில் இரு கண்ணும் இழந்த சுந்தரர் இங்கேதான் இடக்கண் பெற்றார். “கம்பன் எம்மானைக் காணக் கண் அடியேன் பெற்றவாறே” என்று அவர் பாடும்போது ஒரு செய்தி தெளிவாகிறது. அவரைப் போன்ற ஒரு ஞானிக்கு அகக்கண் இருந்திருக்கும். அது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. ஊனால் ஆன கண்ணைக் கேட்டார். அது கிடைத்ததும் அந்தக் கண்ணால் கண்டதையே பாடினார்.

செவ்வாய், திருவானைக்கா

நீர்த்தலத்தின் கருவறை தரைமட்டத்துக்குத் தாழ்ந்தே இருக்கிறது. இறைவனுக்கு நேர் எதிரே வாயில் கிடையாது. ஒன்பது துளைகள் கொண்ட ஒரு சாளரம்தான் உண்டு. அதன் வழியே கண் வைத்துப் பார்த்தால் முதலில் இருள் தெரிகிறது. பிறகு ஒரு சுடர். அதன் பிறகே சம்புகேசுவரர். உடம்புக்கு ஒன்பது வாயில்கள் உண்டு என்று நூல்கள் சொல்லும் கணக்கைச் சாளரத்தில் கொண்டுவந்து வைத்தவர்கள், உடம்பின் வழியாகவே பார்க்க வேண்டும் என்பதைக் கல்லில் எழுதிவிட்டார்கள். பக்கத்துச் சிறு வாயிலில் குனிந்து உள்ளே போனால் இலிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. சாத்தியிருக்கும் துணி நனைகிறது. அம்மை காவிரி நீரையே திரட்டி இலிங்கமாக்கினாள் என்பது இங்குள்ள வரலாறு. உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்மையின் நிலையில் நின்று இறைவனைப் பூசிக்கிறார், கோபூசையும் நடக்கிறது. ஓர் ஆணின் உடம்பு அம்மையின் பூசைக்கு இடமாகும் அந்த நேரத்தில் மண்டபம் முழுவதும் அமைதியாக நின்றது.

இத்தலத்தின் யானை, சிலந்தி கதையைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறோம். வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தின் மேல் சருகு விழாதபடி ஒரு சிலந்தி வலை பின்னியது. காவிரியிலிருந்து துதிக்கையில் நீர் முகந்து வந்து வழிபட்ட யானை, அந்த வலையைக் கண்டு அழுக்கு என்று கருதி அழித்தது. சிலந்தி மறுபடி பின்னியது. யானை மறுபடி அழித்தது. முடிவில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்தது; இரண்டும் மாண்டன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டியது. திருமங்கையாழ்வாரும் அவன் ஈசனுக்கு எழில் மாடம் எழுபது செய்ததைப் பாடியிருக்கிறார்.

இக்கதையைப் பக்தியின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அதைவிட ஆழமான ஒரு சச்சரவு இதில் இருக்கிறது என்று எண்ணுகிறேன். இரண்டு அடியவர்களும் இறைவனுக்குப் பொருளைத்தான் கொடுத்தார்கள். ஒன்று தன் உடம்பிலிருந்து சுரந்த நூலைக் கொடுத்தது. மற்றொன்று ஆற்றிலிருந்து எடுத்து வந்த நீரைக் கொடுத்தது. சிலந்தியின் நூல் யானைக்கு அழுக்கு. யானையின் நீராட்டு சிலந்திக்கு அழிவு. எது தூய பொருள், எது தீட்டு என்று தீர்மானிக்கும் உரிமையைத் தனக்கே வைத்துக்கொண்டதால்தான் சண்டை மூண்டது. இறைவன் இரண்டில் எதையும் அழுக்கு என்று சொன்னதாகக் கதை சொல்லவில்லை; சிலந்தி, யானை இரண்டுக்குமே அருளினான் என்றுதான் சொல்கிறது.

முண்டக உபநிடதமும் ஒரு சிலந்தியைக் காட்டுகிறது. சிலந்தி தன்னிடமிருந்தே நூலை விடுவதையும் உள்ளிழுப்பதையும் போல, அழிவற்ற பொருளிலிருந்து இவ்வுலகம் தோன்றுகிறது என்கிறது. இறைவனே உலகுக்கு முதற்காரணமும் நிமித்தகாரணமும் ஆவான் என்று வேதாந்திகள் நிறுவுவதற்கு இந்த உவமை பெருந்துணை. சித்தாந்திகள் இதற்கு உடன்படுவதில்லை. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். அதுபோல உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம் என்பார்கள். மாயையும் இறைவனைப் போலவே தொடக்கம் இல்லாதது, உண்மையானது, அவன் ஆணைக்கு உட்பட்டது. உபநிடதத்தில் இறைவனுக்கு உவமையான சிலந்தி, ஆனைக்காவில் அடியவனாக வந்து நிற்கிறது. எங்கிருந்து நூல் வந்தது என்று இவ்வூர்க் கதை கேட்கவில்லை. யாருக்காகப் பின்னப்பட்டது என்று மட்டும் கேட்கிறது.

வெளிச்சுற்று மதிலுக்குத் திருநீற்று மதில் என்று பெயர். இறைவன் சித்தராக வந்து, மதில் கட்டியவர்களுக்குக் கூலியாகத் திருநீற்றை அளந்து கொடுத்தார் என்றும், அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவு அது பொன்னாக மாறியது என்றும் சொல்வார்கள். உழைப்புக்குக் கூலி தர வேண்டும் என்பதில் இறைவனே கண்டிப்பாக இருந்த அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

புதன், திருவரங்கம்

ஆனைக்காவும் அரங்கமும் ஒரே தீவில் இருக்கின்றன. பூதத் தல வரிசையில் இது சேராது. ஆயினும் இந்தக் கேள்வியோடு வருபவர் இராமானுசரைப் பார்க்காமல் ஆற்றைக் கடப்பது முறையாகாது. உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடம்பு. அவன் அவற்றுக்கு உயிர் என்பது அவர் நிறுவிய சரீர சரீரி பாவம். உயிருக்கு வேறாக உடம்புக்கு நிலைபேறு இல்லை. உயிரால் தாங்கப்பட்டு, உயிரால் இயக்கப்பட்டு, உயிரின் பொருட்டே இருப்பது எதுவோ அதுவே உடம்பு என்று அவர் வகுத்தார். அந்த வரையறையின்படி கல்லும் மரமும் காவிரியும் பொய்த்தோற்றம் ஆகா. அவை இறைவனை விட்டுப் பிரித்துக் காண முடியாத அவனுடைய மேனி.

இந்தக் கொள்கைக்கு, உடையவர் என்று வழங்கும் இராமானுசரின் சந்நிதியை விடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. வைணவ மரபு 1017 முதல் 1137 வரை வாழ்ந்தவராகக் கொள்ளும் அவருடைய திருமேனியே அங்கு அமர்ந்திருக்கிறது என்பது நம்பிக்கை. அதைத் தானான திருமேனி என்கிறார்கள். பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சேர்த்துச் சாத்தி அதைப் பேணுகிறார்கள். காவி கலந்த நிறத்தில், விழி திறந்தபடி அவர் இருக்கிறார். உடம்பு கழித்துவிட வேண்டிய சட்டை என்று மட்டும் நினைத்த சமயமாக இருந்திருந்தால், ஆசாரியரின் உடம்பை ஒன்பது நூற்றாண்டுகளாக இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

வியாழன், திருவண்ணாமலை

இங்கே மலையே இலிங்கம். அடிமுடி தேடிய கதையில் அயனும் மாலும் கண்ட தீத்தூண், கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும், கலியுகத்தில் கல்லாகவும் நிற்கிறது என்பது மரபு. யுகங்கள் செல்லச் செல்ல மனிதர்களின் தகுதி குறைந்ததற்கு இதை அடையாளமாகச் சொல்பவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் படிக்கிறேன். நெருப்பை யாரும் வலம்வர முடியாது. மாணிக்கத்தையும் பொன்னையும் மனிதர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். கல்லாக உறைந்த பிறகுதான் ஆடு மேய்ப்பவரும் நெருங்கலாம், காலில் செருப்பில்லாத முதியவளும் சுற்றி வரலாம் என்ற நிலை வந்தது. பருப்பொருளாக இறங்கியது இறைவனுக்கு நேர்ந்த குறைவாக எனக்குத் தோன்றவில்லை. அணுகுவதற்கு அவன் கொடுத்த அனுமதியாகவே தோன்றுகிறது.

அதிகாலையில் பதினான்கு கிலோமீட்டர் பாதையைச் சுற்றினேன். இந்திர இலிங்கம் தொடங்கி ஈசானிய இலிங்கம் வரை எண்திசைக்கும் எட்டு இலிங்கங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் மலையின் வடிவம் மாறுகிறது; ஓரிடத்தில் ஒற்றைச் சிகரம், ஓரிடத்தில் முகடுகள் பல. நடப்பவருக்கு மலையிலிருந்து கண் எடுக்க மனம் வரவில்லை.

இரமணர் 1896-இல் இம்மலைக்கு வந்தார். 1950-இல் மறையும்வரை இதை விட்டு நீங்கவில்லை. அவர் அத்துவித நெறியில் நின்றவர். கயிறு அரவாகத் தோன்றுவது போலப் பிரமம் உலகாகத் தோன்றுகிறது என்பது சங்கர வேதாந்தத்தின் நன்கு அறியப்பட்ட உவமை. உலகம் அத்தகைய தோற்றம்தான் என்றால், ஒரு மலையின்மீது இத்தனை ஆண்டுகள் மாறாத அன்பு வைப்பது எப்படி? அருணாசலத்தின்மேல் அட்சரமணமாலை பாடியது எப்படி? சங்கரரும் ஆனைக்காவில் அகிலாண்டேசுவரியின் உக்கிரம் தணியத் தாடங்கம் என்னும் காதணி சாத்தியதாகத்தான் மரபு சொல்கிறது. அத்துவிதிகள் பாரமார்த்திகம் (முடிந்த உண்மை), வியவகாரிகம் (உலக வழக்கு) என்று இரண்டு நிலைகளைப் பிரித்து இதற்கு விடை தருவார்கள். அந்தப் பிரிவினையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு ஞானியின் வாழ்நாள் முழுவதையும் ஒரு கல்மலை பிடித்து வைத்திருந்ததை விளக்க அது போதாது. அரவு தோன்றும்போதும் கயிறு கயிறாகவே கிடக்கிறது. மலையைக் கண்டவர் கண்டது அந்தக் கயிற்றைத்தான் என்று சொன்னால் அத்துவிதத்துக்கும் அது பொருந்தும், அன்புக்கும் பொருந்தும்.

கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் கொப்பரை வைத்து, நெய் ஊற்றி, காடாத்துணித் திரியில் ஏற்றும் தீபம் பதினோரு நாள் எரிகிறது. முடிந்தபின் கொப்பரையில் எஞ்சும் மையைச் சேகரித்து, மார்கழி ஆருத்திரா தரிசனத்தன்று நடராசருக்கு முதலில் சாத்திவிட்டு அடியவர்களுக்குத் தருகிறார்கள். ஒரு வீட்டில் அந்த மையைத் தாளில் மடித்துப் பூசையறையில் வைத்திருந்தார்கள். எனக்காகப் பிரித்துக் காட்டினார்கள். சற்றுப் பிசுபிசுப்பு; நெய்யின் வாடை இன்னும் போகவில்லை. தீக்கு மணமும் சுவையும் இல்லை என்பது வரிசையின் கணக்கு. அந்தத் தீ விட்டுச்சென்ற மையில் மண்ணின் ஐந்து குணங்களும் திரும்ப வந்திருந்தன.

சனி, காளத்தி

நேற்றுப் பகல் முழுவதும் பயணத்திலேயே கழிந்தது. எழுத ஒன்றும் இல்லை.

சுவர்ணமுகி ஆற்றங்கரையில், குன்றை ஒட்டி இருக்கிறது காளத்தி. கிருஷ்ணதேவராயர் 1516-இல் கட்டிய பெரிய கோபுரம் 2010 மே மாதத்தில் இடிந்து விழுந்தது. அந்த இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்குக் கண்டது. ஐந்நூறு ஆண்டுகள் நின்ற கல் ஒரு நாளில் மண்ணானது. பழைய கோபுரத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்குப் புதியதன்முன் நிற்கும்போது மனம் கனக்கத்தான் செய்யும்.

கருவறையில் சாளரம் எதுவும் தெரியவில்லை. விளக்குகள் அசையாமல் நிற்க, ஒரு சுடர் மட்டும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. இங்கு இறைவன் காற்று. காற்றுக்கு உருவம் இல்லை. சுடர் ஆடினால்தான் கண்ணுக்கு அது இருப்பது தெரியும். மேலான பூதத்தைக் காட்டக் கீழான பூதம் வேண்டியிருக்கிறது.

மூலத் திருமேனியை இங்கே அர்ச்சகரும் தொடுவதில்லை. இந்தச் செய்தியைக் கண்ணப்பர் வரலாற்றோடு சேர்த்து நினைக்கும்போது உள்ளம் நடுங்குகிறது. பொத்தப்பி நாட்டு வேடர் தலைவன் மகன் திண்ணன், வாயில் நீர் முகந்து வந்து இறைவனுக்கு உமிழ்ந்து முழுக்காட்டினான். தலையில் செருகி வந்த பூவைச் சூட்டினான். தானே மென்று சுவை பார்த்த ஊனைப் படைத்தான். ஆகம முறைப்படி பூசித்து வந்த சிவகோசரியார் இதைக் கண்டு பதறித் துடைத்தார், கழுவினார். ஆறாம் நாள் இறைவனின் கண்ணில் குருதி வழிந்தது. திண்ணன் பச்சிலை இட்டுப் பார்த்தான், நிற்கவில்லை. ஊனுக்கு ஊன்தான் மருந்து என்று முன்னோர் சொன்னது நினைவுக்கு வர, தன் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பினான். மறுகண்ணிலும் குருதி வந்தபோது, இரு கண்ணும் போனபின் இடம் தெரியாதே என்று, இறைவனின் கண்ணருகே தன் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டான்.

யாரும் தொடாத திருமேனிமேல் ஒரு வேடனின் கால். சைவத்தில் இதைக் காட்டிலும் துணிந்த ஒரு காட்சி இல்லை. மாணிக்கவாசகர் அவனுடைய செருப்பணிந்த அடியையும் வாய்க் கலசத்தையும் ஊனமுதையும் பூசைப் பொருள்களாகவே வரிசைப்படுத்துகிறார். சங்கரர் பெயரால் வழங்கும் சிவானந்தலகரியும், வழிநடந்து தேய்ந்த அந்தச் செருப்பு பசுபதியின் மேனிக்குக் கூர்ச்சம் என்னும் தருப்பைக் கட்டாகிறது, வாய்நீர் அபிடேகமாகிறது, தின்று மிஞ்சிய ஊன் புது நைவேத்தியமாகிறது என்று வியக்கிறது. ஆனைக்காவில் யானையும் சிலந்தியும் தீர்க்க முடியாமல் போன சச்சரவு, திண்ணனுக்கும் சிவகோசரியாருக்கும் இடையில் இங்கே தொடர்ந்து, தீர்ந்தும் போகிறது. தூய்மை பொருளில் இல்லை, கொடுப்பவரின் அன்பில் இருக்கிறது என்று உரையாசிரியர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். அது உண்மைதான், ஆனால் அன்பு மட்டும் அந்தக் குருதியை நிறுத்திவிடவில்லை. கண் வேண்டியிருந்தது. சுந்தரர் காஞ்சியில் கேட்டுப் பெற்றதைத் திண்ணன் இங்கே தானே எடுத்துக் கொடுத்தான்.

ஞாயிறு, சிதம்பரம்

வெளித்தலத்துக்கு வந்துவிட்டேன். குணங்கள் கழியக் கழியப் பொருளும் மெலிந்துகொண்டே வந்து இங்கே ஏதும் இல்லாமல் போகும் என்றுதான் வரிசையைப் படிக்கிற எவரும் எதிர்பார்ப்பார். தில்லையில் நிற்பதோ பொருளின் பெருக்கம். பொன்வேய்ந்த கூரையில் 21,600 ஓடுகள். ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்பார்கள். அவற்றை இணைக்கும் 72,000 ஆணிகள் நாடிகளின் எண்ணிக்கை. ஏறிப் போகும் ஐந்து படிகள் ஐந்தெழுத்து. நாள்தோறும் ஆறு காலமும் படிக இலிங்கத்துக்கு அபிடேகம். மாணிக்கத்தால் ஆன இரத்தினசபாபதியின் பின்புறத்தில் கற்பூரம் காட்டும்போது, ஒளி திருமேனியை ஊடுருவிச் சிவந்து வருகிறது. நடுவே ஐம்பொன்னில் நடராசர்.

அவருக்கு வலப்புறத்தில் இரகசியம். திரையின் வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. அதை விலக்கும்போது உள்ளே உருவம் ஒன்றும் இல்லை. பொன் வில்வ இலை மாலை மட்டும் தொங்குகிறது. தீபத்தின் ஒளியில் இலைகள் மின்னிய அந்தக் கணம் மிகச் சிறியது. திரை மறுபடி விழுந்துவிட்டது. மாலை தொங்குவதால்தான் அங்கே யாரோ அணிந்திருக்கிறார் என்று தெரிகிறது. பொன் இலைகள் இல்லாவிட்டால் அது வெறும் சுவர். வெளியாக இருப்பவனைக் காட்டுவதற்குக்கூடப் பொன் தேவைப்படுகிறது என்பதை இக்கோயிலை அமைத்தவர்கள் மறைக்க முயலவில்லை. உருவம், அருவுருவம், அருவம் என்று நடராசர், படிக இலிங்கம், வெளி ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடாமல், ஒரே அம்பலத்தில் பூசிக்கிறார்கள்.

மெய்கண்டார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்த சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரம் “அவையே தானே ஆய்” என்று தொடங்குகிறது. பொருளோடு கலப்பால் ஒன்றாகவும், தன்மையால் வேறாகவும், செயலால் உடனாகவும் இறைவன் நிற்கிறான் என்பது அதன் கருத்து. மூன்றையும் ஒருசேரச் சொல்வது முரண் என்று வாதிட்டவர்கள் பலர். தில்லையில் ஒரு நாள் இருந்தால், அது அம்பலத்தில் கண்ணுக்கு முன்னால் இருப்பதைப் பார்த்து எழுதியதாகவே படும்.

தெற்குக் கோபுரத்தருகே நின்றபோது, நந்தனார் என்று நாம் அறிந்த திருநாளைப்போவார் நினைவு வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தப் பயணத்தில் எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும். புலையர் குலத்தில் பிறந்ததால் கோயிலுக்குள் வரத் தகுதியில்லாதவராகக் கருதப்பட்ட அவர், தென்வாயில் மதிற்புறத்தில் வளர்த்த தீயில் புகுந்து, அந்த உடம்பு நீங்கி, பூணூலும் சடையும் உடைய முனிவராக எழுந்து வந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். மண்ணிலும் நீரிலும் தீயிலும் இறைவன் நீக்கமற நிற்கிறான் என்று பாடிய சமூகம், அதே மண்ணாலும் நீராலும் தீயாலும் ஆன ஒரு மனிதரின் உடம்பை மட்டும் மதிலுக்கு வெளியே நிறுத்தியது. வேடனின் எச்சிலை ஏற்றவனின் கோயிலில், உழைப்பவரின் உடம்பு எரிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது. இதற்குச் சித்தாந்தத்தில் ஒரு வரிகூட ஆதரவு இல்லை. ஐம்பூதங்களும் எல்லா உடம்புக்கும் பொது என்றே அது சொல்கிறது. சென்னை மாகாணம் 1947-இல் ஆலய நுழைவுச் சட்டம் கொண்டுவரும் வரை, எத்தனையோ கோயில்களில் எத்தனையோ பேர் வாசலோடு திரும்பினார்கள். சேக்கிழார் பெரியபுராணத்தைப் பாடத் தொடங்கியதும் இவ்வூரில்தான். “உலகெலாம்” என்று இறைவனே முதல் எடுத்துக் கொடுத்தான் என்பார்கள். உலகெலாம் என்று தொடங்கிய நூல் இந்தத் தீயையும் சொல்ல வேண்டி வந்தது.

திங்கள், கொற்றவன்குடி

சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில் சித்தாந்த ஆசாரியர் உமாபதி சிவம் வாழ்ந்தார். தில்லைவாழ் அந்தணர் மரபில் வந்தவர். அவருடைய சங்கற்ப நிராகரணம் என்னும் நூல் 1313-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயில் பூசை முடித்து, பகலில் தீவட்டி பிடிக்க, பல்லக்கில் அவர் வந்துகொண்டிருந்தபோது, “பட்ட கட்டையில் பகற்குருடு போகிறது” என்று தெருவில் ஒருவர் சொன்னார். சொன்னவர் மறைஞான சம்பந்தர். உமாபதி சிவம் அப்போதே பல்லக்கை விட்டு இறங்கி அவரைப் பின்தொடர்ந்தார்; அதற்காகத் தில்லை அந்தணர்கள் அவரை விலக்கி வைக்க, இவ்வூருக்கு வந்து தங்கினார்.

அவருடைய திருவருட்பயனில் ஒரு குறள்: “விடிவாம் அளவும் விளக்கனைய மாயை, வடிவாதி கன்மத்து வந்து.” மாயை இருளாக இருந்து உயிரை மறைக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடுவோருக்கு இது நேர் மறுப்பு. இருள் என்பது உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம். அந்த இருளில் உயிர் தட்டுத் தடுமாறாதபடி, உடம்பு, கருவி, உலகம், நுகர்பொருள் என்று மாயையிலிருந்து இறைவன் கூட்டித் தருபவை விடியும்வரை எரியும் விளக்கு. பகலில் பிடித்த தீவட்டிக்காக ஏச்சு வாங்கியவர், பருவுலகுக்கு இரவு விளக்கை உவமை ஆக்கினார். ஏச்சு அவர் மனத்தில் அப்படியே தங்கிப் பழுத்திருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். பகலுக்கு உதவாத விளக்கு எது, இரவுக்கு வேண்டிய விளக்கு எது என்று அவர் நெடுங்காலம் யோசித்திருக்கிறார்.

விடிந்தபின் விளக்கு எதற்கு என்று கேட்கலாம். சித்தாந்தம் அதை வீசி எறியச் சொல்லவில்லை. முத்தி நிலையில் உயிரின் கருவிகள் சிவகரணங்களாக, அதாவது சிவனுடைய கருவிகளாக ஆகின்றன என்கிறது. அதே கண், அதே நா, அதே கை. சுந்தரர் பெற்றதும் திண்ணன் கொடுத்ததும் அத்தகைய கண்களே என்று கொள்வதில் தடை இல்லை.

இவ்வூரில் இன்னொரு வரலாறும் வழங்குகிறது. பெற்றான் சாம்பான் என்னும் புலையர் குலத்து அடியவர் உமாபதி சிவத்தின் மடத்துக்கு நாள்தோறும் விறகு கொண்டுவந்து போட்டார். அவருக்கு முத்தி அளிக்கும்படி தில்லைக் கூத்தனே சீட்டு எழுதி, அதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினான். உமாபதி சிவம் தீக்கை (தீட்சை) செய்தார்; பெற்றான் சாம்பான் ஒளியாய் மறைந்தார். கணவரை எரித்துவிட்டதாக அவர் மனைவி அரசனிடம் முறையிட, அரசன் வந்து சான்று கேட்டான். அப்போது உமாபதி சிவம் பக்கத்தில் வளர்ந்திருந்த முள்ளிச்செடி ஒன்றுக்குத் தீக்கை செய்து, அதையும் ஒளியாக்கிக் காட்டினார். தென்வாயில் தீயைப் பற்றி எழுதிய மறுநாள் இந்த வரலாற்றைக் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. விறகு சுமந்தவரை வேறு உடம்போடு திரும்பி வரும்படி அவர் கேட்கவில்லை. முள்ளிச்செடியையும் அதன் முள்ளோடும் இலையோடும் நின்ற இடத்திலேயே ஏற்றுக்கொண்டார்.